விளம்பர ஒளிப்படம்: எடுப்பவரும் எடுக்கச் சொல்பவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காஞ்சிபுரத்துப் பட்டு, கோவை கிரைண்டர், திருப்பூர் பனியன், வடசேரி கோயில் நகை என்று விற்பனைக்கு வரும் பொருள் எதுவானாலும், இன்று வாங்குபவரின் கண்ணில் முதலில் படுவது அதன் படமே. அந்தப் படத்தை எடுக்கும் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களும், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும் கடைக்காரர்களும் சிறு உற்பத்தியாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இரு தரப்பினரும் ஒரே பக்கத்தைப் படிப்பது நல்லது. இந்தத் தொழிலில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை, ஒரு தரப்புக்குத் தெரிந்த செய்தி மறு தரப்புக்குத் தெரியாமல் போவதால்தான் வருகின்றன.

கல்யாணப் படம் எடுப்பவரே விளம்பரப் படமும் எடுக்கலாமே? இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். ஆனால் வேலையின் இயல்பு வேறு. கல்யாணத்தில் நிகழ்ச்சி தானாக நடக்கிறது, கலைஞர் அதைத் தவறவிடாமல் பிடிக்கிறார். விளம்பரத்தில் எதுவும் தானாக நடப்பதில்லை. மேசை, பின்னணி, நிழல் விழும் பக்கம், தட்டின் ஓரத்தில் கிடக்கும் கறிவேப்பிலை வரை ஒவ்வொன்றையும் ஒருவர் முடிவு செய்து வைக்க வேண்டியிருக்கிறது. படம் எங்கே வரப்போகிறது என்பது தெரியாமல் கேமராவின் இடத்தைக்கூடத் தீர்மானிக்க முடியாது. செய்தித்தாளின் அரைப்பக்கத்துக்கு என்றால் தலைப்பு வரிக்கும் நிறுவனச் சின்னத்துக்கும் இடம் விட்டுச் சட்டமிட வேண்டும், கைபேசித் திரைக்கு என்றால் நிமிர்ந்த வடிவில் பொருள் நடுவில் நிற்க வேண்டும்.

படப்பிடிப்பு நாளுக்கு முன் எவை முடிவாகியிருக்க வேண்டும்?

எத்தனை படங்கள், ஒவ்வொன்றும் எந்த அளவில், எங்கே, எத்தனை காலம் பயன்படப் போகின்றன, லேஅவுட் (எழுத்தும் படமும் எங்கெங்கே வரும் என்ற வரைவு) இருக்கிறதா, மாதிரிப் படங்கள் எவை, பொருட்கள் எப்போது ஸ்டுடியோவுக்கு வந்து சேரும் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, அன்றைக்கு ஸ்டுடியோவில் நின்று 'இது சரி' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாக வேண்டும். கேமராவைக் கணினியோடு இணைத்து, எடுக்க எடுக்கப் பெரிய திரையில் காட்டுவது இப்போது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது. அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒருவராக இருந்தால் வேலை நகரும். நான்கு பேர் இருந்து, முடிவெடுக்க வேண்டிய ஐந்தாமவர் வெளியூரில் இருந்தால், மாலைக்குள் ஒரு படமும் முடிவாகாது.

உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் மறப்பது பொருள் மாதிரியை. கடையிலிருந்து ஒரே ஒரு பாட்டிலை எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதன் லேபிள் ஒரு பக்கம் சுருங்கியிருக்கும், மூடியில் கீறல் இருக்கும், கழுத்தில் தொகுதி எண்ணும் தேதியும் விலையும் அச்சாகியிருக்கும். தேதியும் விலையும் அச்சிடப்படுவதற்கு முன் உள்ள பாக்கெட்டுகளைத் தொழிற்சாலையிலிருந்தே தனியாக எடுத்து, சில பிரதிகளாக, ஒன்றோடொன்று உரசாதபடி தாள் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். ரீடச்சிங்குக்கு, அதாவது எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவதற்கு, ஆகும் மணிநேரங்களை இந்த ஒரு முன்யோசனை மிச்சப்படுத்தும்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொன்னால் போதாதா?

போதாது. கொட்டேஷனை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதும் பழக்கம் இரு தரப்புக்கும் நன்மை தரும். முதலாவது, கலைஞரின் உழைப்புக்கான கட்டணம். இதில் படப்பிடிப்பு நாளுடன் அதற்கு முந்தைய ஏற்பாட்டு நாட்களும் அடங்கும். இரண்டாவது, செலவுகள்: ஸ்டுடியோ வாடகை, வாடகை லைட்டுகள், உதவியாளர்கள், ஒப்பனைக் கலைஞர், ஸ்டைலிஸ்ட், மாடல், மேசை அலங்காரப் பொருட்கள், வண்டி, சாப்பாடு, ரீடச்சிங். மூன்றாவது, பயன்பாட்டுக் கட்டணம். ஒரு பேக்கரி தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆறு மாதம் போடும் படமும், அதே படம் தமிழகம் முழுவதும் ஹோர்டிங்கில் இரண்டு ஆண்டுகள் நிற்பதும் ஒரே விலையாக இருக்க முடியாது. உழைப்பு ஒன்றுதான் என்றாலும், அந்தப் படம் நிறுவனத்துக்கு ஈட்டித் தருவது வேறு. அந்தப் படத்தில் இருக்கும் மாடலின் முகம் அடுத்த போட்டி நிறுவனத்துக்குக் கிடைக்காமல் போவதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

நம் ஊரில் பயன்பாட்டுக் கட்டணம் கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. முதல் கொட்டேஷனிலேயே ஊடகம், நிலப்பரப்பு, காலம் என்ற மூன்றையும் எழுதி அதற்கு நேரே தொகையைக் காட்டினால், சிறிய கடைக்காரர் தனக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கிக் குறைந்த விலையில் நல்ல படம் பெற முடியும். பெரிய நிறுவனம் முழு உரிமைக்கும் முழு விலை தரும். எல்லாவற்றையும் ஒரே தொகையில் அடக்கினால் சிறியவர் தமக்குத் தேவைப்படாததற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

அட்வான்ஸ் பாதித் தொகை என்பது பரவலான நடைமுறை. அதில் மாடலுக்கும் ஸ்டுடியோவுக்கும் கொடுத்து வைக்க வேண்டிய பணம் இருப்பதால், கடைசி நேரத்தில் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். ஒளிப்படச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் சேவையாளர் தமிழகத்தில் பதிவு செய்ய வேண்டும். கொட்டேஷனில் உள்ள தொகை வரி உட்படவா, நீங்கலாகவா என்று குறிப்பிடாமல் விட்டால், பில் போகும் நாளில் மனக்கசப்பு உறுதி.

படத்தை எடுத்தவருக்கு உரிமையா, பணம் கொடுத்தவருக்கு உரிமையா?

இந்தக் கேள்விக்குத் தொழிலில் இருப்பவர்களே தவறான விடை சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'கேமரா என்னுடையது, நான் எடுத்தேன், ஆகவே காப்புரிமை (காப்பிரைட்) எனக்கு' என்பது அமெரிக்க நடைமுறையைப் பார்த்து வந்த நம்பிக்கை. அங்கே தனித்துத் தொழில் செய்யும் கலைஞர் எழுதிக் கொடுக்காதவரை உரிமை பொதுவாக அவரிடமே இருக்கிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கைம்மாறு பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்று சொல்கிறது. ஆக, நீங்கள் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் படம் எடுத்து, பணமும் வாங்கிவிட்டால், உரிமை கிளையண்டுடையது.

அந்த 'வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்' என்ற தொடரில்தான் கலைஞருக்கு வழி இருக்கிறது. உரிமை தம்மிடமே இருக்கும், கிளையண்டுக்கு இன்னின்ன பயன்பாட்டுக்கு உரிமம் தரப்படுகிறது என்று வேலை தொடங்கும் முன் இரு தரப்பும் கையெழுத்திட்டால் அதுவே செல்லும். முழு உரிமையையும் எழுதிக் கொடுப்பதானாலும் 19ஆம் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்யும் திருப்பூர் நிறுவனம் இந்த இரண்டாவது விதியைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உரிமை யாரிடம் போனாலும், படத்தை எடுத்தவர் தாம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் நற்பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் 57ஆம் பிரிவின்படி கலைஞரிடமே தங்கும். காப்புரிமைக் காலத்தைப் பொறுத்தவரை, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒளிப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன் பிறகு 60 ஆண்டுகளும் என்றாகிவிட்டது.

மயில் கழுத்து நிறப் புடவை ஒரு படத்தில் நீலமாகவும் மறு படத்தில் பச்சையாகவும் வருகிறது. எது சரி?

இரண்டும் சரி. அந்தப் புடவையின் அழகே அதுதான் என்பதால் இரண்டையும் ஒரே படத்தில் காட்டத் தெரிய வேண்டும். பாவு (நீள இழை) ஒரு நிறத்திலும் ஊடை (குறுக்கிழை) வேறு நிறத்திலும் இருக்கும் பட்டில், ஒளி எந்த இழைக்குக் குறுக்காக விழுகிறதோ அந்த இழையின் பளபளப்பும் நிறமும் மேலோங்கித் தெரியும். நேர் எதிரிலிருந்து கேமராவோடு சேர்ந்து அடிக்கும் லைட்டில் இரண்டும் கலந்து மங்கிப்போய், கடையில் பார்த்த புடவை மாதிரியே இல்லை என்ற புகார் வரும். புடவையைத் தட்டையாக விரிக்காமல், மடிப்புகள் எழுந்து நிற்கும்படி வைத்து, பெரிய சாஃப்ட்பாக்ஸை (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியை) லைட்டில் பொருத்திப் பக்கவாட்டில் சற்று மேலிருந்து கொடுங்கள். மடிப்பின் ஒரு முகத்தில் நீலமும் திரும்பும் முகத்தில் பச்சையும் தெரியும். லைட் ஸ்டாண்டை ஓர் அடி நகர்த்தினாலே இந்த இரண்டின் விகிதம் மாறுவதைத் திரையில் பார்க்கலாம். அந்தப் புடவையைத் தினமும் விரித்துக் காட்டும் கடைச் சிப்பந்தியை அருகில் வைத்துக்கொண்டு அந்த ஓர் அடியைத் தேடுவது நல்லது. அவருடைய கண்ணுக்கு இருக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதில்லை.

ஜரிகை வேறு கணக்கு. அது உலோகம் சுற்றிய இழை என்பதால் கண்ணாடியைப் போல எதிரொளிக்கும். சிறிய, கடுமையான லைட்டில் சில இழைகள் வெள்ளையாக வெடித்துப்போய், மற்றவை கறுத்துவிடும். பெரிய பரப்புள்ள மென்மையான ஒளி முந்தி முழுவதும் ஒரே தங்க நிறத்தைத் தரும். நெருக்கமான நெசவில் சில நேரம் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் தோன்றும். நெசவின் இடைவெளியும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதுவதால் வருவது அது. கேமராவைச் சற்று முன்பின் நகர்த்தியோ கோணத்தை மாற்றியோ எடுக்கும்போதே போக்கிவிட வேண்டும்.

நிறம் மாறுவதற்குப் பெருங்காரணம் மலிவான எல்இடி விளக்குகள். பெட்டியில் நிறத் தரம் (சிஆர்ஐ) 95 என்று அச்சிட்டிருந்தாலும் அந்த எண், மென்மையான எட்டு நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பு அந்தச் சராசரியில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. ஆர்9 குறைவாக இருக்கும் விளக்கில் அரக்குப் புடவை பழுப்பாகிவிடும், எத்தனை திருத்தினாலும் பழைய அரக்கு வராது. லைட் அமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும் 24 நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையைப் புடவையோடு வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரீடச்சிங் செய்பவர் நிறம் சரிபார்க்கப்பட்ட திரையில், புடவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யட்டும்.

இன்னொன்றையும் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ராணி பிங்க், கிளிப்பச்சை போன்ற நிறங்கள் திரையில் வரும் அளவுக்கு நான்கு மை அச்சில் வராது. சிவகாசியில் காலண்டர் அச்சானாலும் சென்னையில் கேட்டலாக் அச்சானாலும் இந்த வரம்பு ஒன்றே. அச்சுக்கு முன் மாதிரித் தாள் எடுத்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் பின்னால் பேச்சு இராது.

தங்க நகையை வெள்ளைக் கூடாரத்துக்குள் வைத்து எடுத்தால் ஏன் உயிரில்லாமல் இருக்கிறது?

மெருகேற்றிய தங்கத்துக்கு நாம் லைட் கொடுப்பதில்லை. அது எதைப் பார்க்கிறதோ அதைக் காட்டுகிறது. சுற்றிலும் வெள்ளை இருந்தால் வளையலின் வளைவும் விளிம்பும் தெரியாமல் வெளிறிய மஞ்சள் பட்டையாகிவிடும். கூடாரத்துக்குள் சிறு சிறு கறுப்பு அட்டைகளை வைத்து, உலோகத்தின் ஓரங்களில் கருங்கோடு விழச் செய்தால் உருவம் எழுந்து நிற்கும். வைரத்துக்கு நேர்மாறான தேவை: பரவிய ஒளியில் அது கண்ணாடித் துண்டு, சிறிய கூர்மையான ஒளிப்புள்ளிகளில்தான் நிறங்கள் தெறிக்கும். எனவே தங்கத்துக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று என இரு படங்கள் எடுத்து ஒன்றாக்குவது வழக்கம். பின்புறம் மூடிப் பதித்த கெம்புக் கல்லுக்குப் பின்னாலிருந்து ஒளி கொடுத்துப் பயனில்லை. முன்னாலிருந்து உள்ளே புகுந்து திரும்பும் ஒளியே அதன் சிவப்பு.

இவ்வளவு நெருக்கத்தில் ஒரே படத்தில் முழு நகையும் கூர்மையாக வராது. லென்ஸின் துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) எஃப் 16க்கு மேல் படம் முழுவதுமே மெல்ல மழுங்கத் தொடங்கும். எஃப் 8, எஃப் 11 அளவில் நிறுத்தி, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்குவதே சரியான வழி. முக்காலியின் மீது யாரும் கை வைக்கக் கூடாது, மரத்தளமாக இருந்தால் நடக்கவும் கூடாது.

உணவுப் படங்களில் எல்லாம் பொய் என்கிறார்களே?

சில இடங்களில் நடக்கிறது. நடக்கத் தேவையில்லை என்பதே என் உறுதியான எண்ணம். அமெரிக்காவில் 1960களின் இறுதியில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, மூழ்கும் காய்கறித் துண்டுகளை மேலே தெரியச் செய்தார்கள். அந்நாட்டு வணிக ஆணையம், சூப்பில் இருப்பதைவிட அதிகக் காய்கறி இருப்பதாகக் காட்டுவது ஏமாற்று என்று நடவடிக்கை எடுத்தது; நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டது. சாம்பார்ப் பொடி விளம்பரம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகப் புரியும். ஆழமான கிண்ணத்தில் முருங்கைத் துண்டும் சின்ன வெங்காயமும் அடிக்குப் போய்விடும், பருப்பு தெளிந்து மேலே வெறும் நீர் நிற்கும். கோலி போடாமலே வழி இருக்கிறது. ஆழம் குறைந்த அகலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, காயைத் தனியே முக்கால் வேக்காட்டில் எடுத்து அடுக்கி, அளவான சாம்பாரை ஓரத்திலிருந்து ஊற்றி உடனே எடுக்கலாம். அதே செய்முறையில் அதே அளவுக் காய்தான், சமைத்த விதமும் வைத்த விதமும் மட்டுமே வேறு.

எல்லையை நான் இப்படி வகுத்துக்கொள்கிறேன். விற்கும் பொருள் உண்மையானதாக இருக்க வேண்டும். சூழ இருப்பவற்றில் உதவிப் பொருட்கள் இருக்கலாம். காபித்தூள் விளம்பரத்தில் டபராவில் இருப்பது அந்தத் தூளில் இறக்கிய டிகாஷனாகவும் நுரை பாலின் நுரையாகவும் இருந்தாக வேண்டும், சோப்பு நுரை கூடாது. குளிர்பான பாட்டிலின் வெளிப்புறத்தில் கிளிசரினும் நீரும் கலந்து தெளித்த துளிகள் இருந்தால் யாரும் ஏமாறுவதில்லை. தோசையின் மொறுமொறுப்பு சில நிமிடங்களில் போய்விடும் என்பதால், லைட் சரி பார்க்க ஒரு தோசை, படத்துக்கு ஒரு தோசை என்று அடுப்பை ஸ்டுடியோவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தோசை மாஸ்டர் ஒருவரின் ஒரு நாள் சம்பளம், ரீடச்சிங் செலவைவிடக் குறைவு.

சட்டமும் இதில் தலையிடும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளர் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

மாடலின் நிறத்தை 'கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்' என்று கிளையண்ட் கேட்டால்?

மறுத்துவிடுங்கள் என்பதே என் விடை. கறுத்த தோலை அழகாக எடுக்கத் தெரியாமல் போனதன் விளைவாக வந்த பழக்கம் இது. கறுத்த தோலின் உருவத்தைக் காட்டுவது அதன் மீது படியும் எதிரொளி. எனவே பெரிய ஒளிமூலத்தை முகத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்து, கன்னத்திலும் நெற்றியிலும் நீண்ட மென்மையான பளபளப்பு விழச் செய்ய வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டித் தோலை வெளுக்க வைப்பது அந்தப் பளபளப்பையே அழித்துவிடும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் சற்றே இருண்ட பின்னணியும் உதவும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் வெளியிட்ட நெறிமுறையும், தோல் நிறத்தை வைத்து யாரையும் தாழ்வாகவோ கவர்ச்சியற்றவராகவோ காட்டக் கூடாது என்கிறது. திரையில் கிளையண்டுக்கு இரண்டு படங்களையும் அருகருகே காட்டுங்கள். பெரும்பாலோர் இயல்பான நிறத்தையே தேர்வு செய்வார்கள்.

மாடலிடம் கையெழுத்து வாங்குவது அவ்வளவு அவசியமா? தெரிந்த பெண்தானே, கடை ஊழியர்தானே?

தெரிந்தவரானாலும் வாங்குங்கள். ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் ஒப்புதல் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமையை மீறுவதாகும் என்று எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் எந்தப் பொருளுக்கு, எந்தெந்த ஊடகத்தில், எத்தனை காலம் என்பவை மாடலுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது முறையன்று.

குழந்தைகள் என்றால் கூடுதல் கவனம் தேவை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், விளம்பரத்தில் குழந்தைக் கலைஞராகப் பங்கேற்பதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது: மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பள்ளி நாளில் குழந்தையை நாள் முழுக்க நிறுத்தி வைப்பவர்களுக்கு இந்த விதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

மாமல்லபுரத்தில் எடுக்கலாமா? பின்னணியில் வேறு கம்பெனியின் போர்டு தெரிந்தால் பரவாயில்லையா?

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் வணிகப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி வேண்டும். கோயிலுக்கு அதன் நிர்வாகத்தையும், சாலைக்கும் கடற்கரைக்கும் மாநகராட்சியையும் காவல்துறையையும் அணுக வேண்டும்.

பிற நிறுவனத்தின் சின்னத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2005இல் சென்னை விளம்பர ஒளிப்படக் கலைஞர் சரத் ஹக்சர், கோகோ கோலா சின்னம் எழுதிய சுவருக்கு முன் வறண்ட அடிபம்பும் காலிக் குடங்களும் இருக்கும் படத்தை நுங்கம்பாக்கத்தில் ஹோர்டிங்காக வைத்தபோது, அதை அகற்றக் கோரி நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அது ஒரு கலைஞர் தம் கருத்தைச் சொன்ன படம், அதற்காக நிற்கலாம். கிளையண்டின் ஊறுகாய் விளம்பரத்தில் தற்செயலாகத் தெரியும் போர்டுக்காக யாரும் நோட்டீஸ் வாங்க வேண்டியதில்லை.

எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

பார்க்கும் தூரம்தான் விடை. கையில் பிடித்துப் படிக்கும் ஏ4 பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2480க்கு 3508. அதாவது ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவு. 20 அடிக்கு 10 அடி ஹோர்டிங்கைத் தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பார்கள் என்பதால் அங்குலத்துக்கு 30 புள்ளி போதும்: 7200க்கு 3600, சுமார் 26 மெகாபிக்சல். இணைய விற்பனைத் தளங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி மூன்று நிறத்திலும் 255 இருக்கும் தூய வெள்ளையாகவும், பொருள் படச் சட்டகத்தின் 85 விழுக்காட்டை நிரப்புவதாகவும் இருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீண்ட பக்கம் 1000 பிக்சலாவது தேவை. பின்னணியை மட்டும் தனி லைட்டால் வெளுக்க வையுங்கள். பொருளிலிருந்து பின்னணி நான்கைந்து அடி தள்ளி இருந்தால், பளபளக்கும் பாட்டிலின் ஓரங்கள் கரைந்து போகாது.

தொடங்குபவர் எதை வாங்க வேண்டும்? எங்கே கற்பது?

ஆடாத முக்காலி, மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், நம்பகமான இரண்டு ஃபிளாஷ் லைட், அட்டைகள், நிற அட்டை. கேமரா உடல் கடைசியில் வரட்டும். தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும் என்ற விதியை ஒரு தக்காளியையும் ஒரு லைட்டையும் வைத்துக்கொண்டு கைக்குப் பழக்கிவிட்டால் பாதித் தொழில் வந்துவிடும். உதகையில் 2001 முதல் இயங்கும் லைட் அண்ட் லைஃப் அகாடமி போன்ற பயிற்சி நிறுவனங்கள் உண்டு. வசதி இல்லாதவர்கள் நல்ல கலைஞர் ஒருவரிடம் உதவியாளராகச் சேரலாம்; லைட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கிளையண்டோடு அவர் பேசும் விதத்தையும் கவனியுங்கள்.

செயற்கை நுண்ணறிவே படம் வரைந்து தருகிறதே, இனிக் கலைஞர் எதற்கு?

பின்னணி, எடுக்கப்போகும் படத்தின் தொனியைக் காட்டும் மாதிரிப் படம், லேஅவுட் வரைவு ஆகியவற்றுக்கு அது இப்போதே பயன்படுகிறது, அதில் தவறு காணவில்லை. ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேரப்போவது குறிப்பிட்ட ஒரு புடவை. அதன் கோர்வையில் (உடலும் கரையும் இணையும் இடத்தில்) எத்தனை ரேக்கு (கோபுர முனை வடிவம்), முந்தியில் எந்தப் பறவை, பாவின் நிறம் எது என்பதைக் கருவி ஊகித்து வரையும்போது விற்பவர் தம்மிடம் இல்லாத பொருளைக் காட்டியவராகிறார். பொருளை உண்மையாக எடுத்து, சூழலை மட்டும் உருவாக்கச் சொல்லுங்கள். அதையும் கிளையண்டிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

பணம் மாதக்கணக்கில் வரவில்லை. என்ன செய்யலாம்?

வேலை வருவதற்கு முன்பே மத்திய அரசின் உத்யம் இணையத்தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். சேவைத் தொழிலுக்கும் அது உண்டு, கட்டணம் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவருக்குத் தர வேண்டிய தொகையை ஒப்பந்தத்தில் எந்த நாள் எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குள் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்கள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இத்தகைய நிலுவைகளை விசாரிக்கும் மாநிலக் குழுவிடம் இணையம் வழியாக முறையிடலாம். உத்யம் எண்ணைக் கொட்டேஷனிலும் பில்லிலும் அச்சிட்டு வைத்தாலே பல கணக்குப் பிரிவுகள் விழித்துக்கொள்ளும், ஏனெனில் அந்தக் காலத்துக்குள் தராமல் நிதியாண்டு முடியும்போதும் நிலுவையில் இருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டம் இப்போது அனுமதிப்பதில்லை. முழுத் தொகை வந்த பிறகே பயன்பாட்டு உரிமம் தொடங்கும் என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். அதுவரை குறைந்த அளவுப் படங்களை, உங்கள் நிறுவனப் பெயரைக் குறுக்கே எழுதி, ஒப்புதலுக்கு மட்டும் அனுப்புங்கள்.